மீட்டர் கேஜ் என்றால் என்ன? செங்கோட்டை மலைப்பாதையிலிருந்து மேஜை மேல் ஓடும் ரயில் வரை

தென்காசிப் பக்கம் வயது நாற்பதைத் தாண்டிய யாரிடமாவது பழைய செங்கோட்டை ரயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "அப்போ மீட்டர் கேஜ்லா" என்று ஆரம்பித்துவிடுவார். பழைய எஞ்சின், மலை ரயில், மாதிரி ரயில் என எந்த வாசல் வழியாக இந்த ஆர்வத்துக்குள் வந்தாலும் முதலில் காதில் விழுவது கேஜ் என்ற சொல்தான். மீட்டர் கேஜ், பிராட் கேஜ், நேரோ கேஜ், கடையில் பொம்மை ரயில் வாங்கப் போனால் எச்.ஓ. கேஜ். புதிதாக வருகிறவர்கள் இதை ஏதோ எஞ்சினியர் சமாச்சாரம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்படித் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. ஒரு பாதை மலையில் எவ்வளவு வளையலாம், எஞ்சினுக்கு ஏன் அந்தப் பெயர், ஊட்டி ரயில் பிழைத்தும் நம் செங்கோட்டைப் பாதை ஏன் மாறிப்போனது, எல்லாமே இந்த ஒரு அளவில்தான் வந்து நிற்கின்றன.

கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஒரு தண்டவாளத் தலையின் உள்விளிம்பிலிருந்து எதிர்த் தண்டவாளத் தலையின் உள்விளிம்பு வரை அளக்க வேண்டும். நடுமையத்திலிருந்தோ வெளிப்பக்கத்திலிருந்தோ அல்ல. காரணம் சக்கரத்தில் இருக்கிறது. பிளாட்பாரத்தில் நிற்கும் வண்டியின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால், அதன் உட்பக்கத்தில் தட்டு போல ஒரு விளிம்பு கீழே இறங்கியிருப்பது தெரியும். அதற்கு ஃபிளாஞ்ச் என்று பெயர். இரண்டு ஃபிளாஞ்சும் இரண்டு தண்டவாளங்களுக்கு உள்ளே ஓடுவதால், உள்விளிம்பு அளவுதான் வண்டிக்கு முக்கியம்.

இந்தியாவில் நான்கு அளவுகள் புழங்கின. பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. மீட்டர் கேஜ் பெயரிலேயே இருக்கிறது, 1000 மில்லிமீட்டர். நேரோ கேஜில் இரண்டு உண்டு: 762 மில்லிமீட்டர், 610 மில்லிமீட்டர். மெட்ரோ ரயில்களிலும் ஐரோப்பாவிலும் பரவலாக இருக்கும் ஸ்டாண்டர்டு கேஜ் 1435 மில்லிமீட்டர். பெயர் ஸ்டாண்டர்டு என்றாலும் நம் நாட்டு நீளப் பாதைகளில் அது கிடையாது.

இதைச் சொன்னதும் டேப்பை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கிவிட வேண்டாம். ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட. ரயில்வே கேட்டில் சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில், கேட் திறந்திருக்கும்போது நடந்து கடந்தாலே கண்ணளவில் பிடிபட்டுவிடும். பிராட் கேஜ் என்றால் சாதாரண நடையில் ஒரு தண்டவாளத்திலிருந்து அடுத்ததைத் தாண்ட இரண்டு எட்டுக்கு மேல் வேண்டும். மீட்டர் கேஜ் என்றால் ஓர் எட்டு கொஞ்சம் எட்டி வைத்தால் போதும்.

நம் ஊருக்கு மீட்டர் கேஜ் எப்படி வந்தது

1853-இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் நடுவே ஓடிய முதல் பயணிகள் ரயில் பிராட் கேஜ். 1856-இல் சென்னை ராயபுரத்திலிருந்து கிளம்பியதும் அதுதான். அகலமான பாதை, பெரிய எஞ்சின், நிறையச் சரக்கு என்று ஆரம்பத்தில் திட்டம் தாராளமாகத்தான் இருந்தது. ஆனால் நாடு முழுக்க அந்த அகலத்தில் போட்டால் செலவு தாங்காது என்று தெரிந்தபோது, 1870 வாக்கில், மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த சமயத்தில், இரண்டாம் கட்டப் பாதைகளுக்கு ஒரு மீட்டர் அகலம் போதும் என்று முடிவானது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி அந்த அளவை முழு மனதாக எடுத்துக்கொண்டது. எந்த அளவுக்கு என்றால், நாகப்பட்டினம் – திருச்சிப் பக்கம் ஏற்கெனவே பிராட் கேஜாகப் போட்டிருந்த பாதையைப் பிரித்து மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். நாம் பார்த்ததெல்லாம் மீட்டரிலிருந்து பிராடுக்கு மாறியதுதான். அதற்கு நேர் எதிராகவும் நம் மாநிலத்தில் ஒரு காலத்தில் நடந்திருக்கிறது.

தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் 1876-இல் ரயில் வந்தது, மீட்டர் கேஜில். திருநெல்வேலியிலிருந்து மேற்கே கல்லிடைக்குறிச்சி வரை 1902, அங்கிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை 1903. அடுத்த ஆண்டே மலையைக் குடைந்து புனலூர், கொல்லம் வரை பாதை போய்விட்டது. கிழக்கே திருச்செந்தூருக்கு 1923. விருதுநகரிலிருந்து ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்கு 1927. இத்தனையும் மீட்டர் கேஜ்.

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து நான்கு திசைக்குப் பாதை பிரிகிறது அல்லவா, அதில் நாகர்கோவில் பாதை மட்டும் தனி. அது 1981-இல் போடும்போதே பிராட் கேஜ். மீட்டர் கேஜாக ஒருநாளும் இருந்ததில்லை. அதனால் அதன்பின் சில ஆண்டுகள் நம் ஜங்ஷனுக்கு ஒரு விசித்திரமான நிலைமை. தெற்கிலிருந்து திருவனந்தபுரம், நாகர்கோவில் வண்டிகள் அகலப் பாதையில் வந்து நிற்கும். வடக்கே மதராஸ் எழும்பூருக்குப் போகும் நெல்லை எக்ஸ்பிரஸ் மீட்டர் கேஜில் நிற்கும். ஒன்று மற்றதன் பாதையில் ஓர் அடிகூட நகர முடியாது. நாகர்கோவிலில் ஏறியவர் பெட்டி படுக்கையோடு இறங்கி, மறுபடி ஏற வேண்டும். சரக்கு என்றால் மூட்டை மூட்டையாக ஒரு வேகனிலிருந்து இன்னொரு வேகனுக்கு. கூலி, நேரம், உடைசல், திருட்டு எல்லாம் அந்த இடத்தில் சேர்ந்துவிடும்.

கேஜ் முறிவு என்று ரயில்வேக்காரர்கள் சொல்வது இதைத்தான். இங்கிலாந்திலேயே இந்தப் பாடு இருந்தது. புருனெல் என்ற எஞ்சினியர் ஏழடி அகலத்தில் போட்ட பாதையும் மற்றவர்களின் நாலடி எட்டரை அங்குலப் பாதையும் குளோஸ்டர் நகரத்தில் சந்தித்தபோது பெருங்குழப்பம். ஏழடிப் பாதை 1892-இல் முழுதாக மறைந்தது. நம் நாட்டில் 1992-இல் யூனிகேஜ் திட்டம் தொடங்கி, எல்லாவற்றையும் பிராட் கேஜாக்கும் வேலை வேகம் பிடித்தது.

ஒரு மீட்டர் அகலத்தில் என்ன லாபம், என்ன நஷ்டம்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது இந்தக் கணக்குதான். கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

காரில் இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற முடியும். ரயிலில் அப்படி இல்லை. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்று ஒரு சுற்றுச் சுற்றினால் மற்றதும் ஒரே ஒரு சுற்றுத்தான். நேர்ப்பாதையில் சிக்கல் இல்லை. வளைவில் வெளித்தண்டவாளம் நீளம், உள்தண்டவாளம் குட்டை. பாதை கால் வட்டம் திரும்புகிறது என்று வையுங்கள். மீட்டர் கேஜில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடச் சுமார் 1.57 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். பிராட் கேஜில் அந்த வித்தியாசம் சுமார் 2.63 மீட்டர். ஒரே அச்சில் கட்டிய இரண்டு சக்கரங்கள் இந்த வித்தியாசத்தை எப்படிச் சமாளிக்கின்றன?

சக்கரம் சப்பையான உருளை இல்லை. உட்பக்கம் கொஞ்சம் பெருத்து, வெளிப்பக்கம் போகப் போகச் சிறுத்திருக்கும். இருபது பங்குக்கு ஒரு பங்கு சரிவு, கண்ணுக்கு லேசில் தெரியாது. வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கும்போது, வெளிச்சக்கரம் தன் பெருத்த பகுதியிலும் உட்சக்கரம் சிறுத்த பகுதியிலும் உருள்கிறது. ஒரே சுற்றில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போய்விடுகிறது. வண்டியைத் திருப்புவது ஃபிளாஞ்ச் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது கடைசிக் காவல். சாதாரணமாகத் திருப்பும் வேலையை இந்தச் சரிவே பார்த்துக்கொள்கிறது. வளைவு ரொம்பக் குறுகினால் சரிவால் முடியாமல் போய், ஃபிளாஞ்ச் தண்டவாளத்தின் பக்கத்தில் உரசும். மலைப்பாதையில் கேட்கும் அந்தக் "கிரீச்" அதுதான்.

ஆக, பாதை எவ்வளவு குறுகலோ அவ்வளவு எளிதாக வளையலாம். மலையில் இது பெரிய வரம். வளைய முடிந்தால் பாறையைச் சுற்றிப் போகலாம். வளைய முடியாவிட்டால் குடைய வேண்டும். குடைவதிலும் மீட்டர் கேஜ் வண்டிக்குச் சின்னக் குகை போதும், வெட்டு குறைவு, பாலம் ஒடுக்கம், தண்டவாளத்தின் எடையும் குறைவு.

நஷ்டம் பெட்டிக்குள் தெரியும். பிராட் கேஜ் பெட்டியின் அகலம் சுமார் மூன்றே கால் மீட்டர், அதாவது பாதையின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் குறைவு. மீட்டர் கேஜ் பெட்டி சுமார் இரண்டே முக்கால் மீட்டர். ஒரு மீட்டர் பாதைமேல் இரண்டே முக்கால் மீட்டர் பெட்டி! சின்ன முக்காலிமேல் பெரிய தாம்பாளத்தை வைத்தது போலத்தான். அதனால்தான் பழைய வண்டிகள் அந்த ஆட்டம் ஆடின. வேகமும் அதனால்தான் மட்டு.

எஞ்சினுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. நீராவி எஞ்சினில் கரி எரியும் இடம், அதாவது தீப்பெட்டி, எவ்வளவு அகலமோ அவ்வளவு நீராவி கிடைக்கும். பெரிய சக்கரங்களுக்கு நடுவே அதை வைத்தால் ஒரு மீட்டருக்குள் அடங்க வேண்டும். அதற்கு வழி, பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இரண்டு சின்னச் சக்கரம் வைத்து, அவற்றின் மேலே தீப்பெட்டியை இரண்டு பக்கமும் அகலமாகப் பரப்பிவிடுவது. பழைய படங்களில் டிரைவர் நிற்கும் இடத்துக்குக் கீழே ஒரு குட்டிச் சக்கரம் தெரிந்தால், அதன் தலைக்கு மேல்தான் நெருப்பு என்று புரிந்துகொள்ளலாம்.

நீராவி எஞ்சின் ஓடும் விதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டியின் சூடான புகை, பாய்லருக்குள் இருக்கும் நிறையக் குழாய்கள் வழியாக முன்பக்கம் போகிறது. குழாய்களைச் சுற்றி இருக்கும் தண்ணீர் கொதித்து, நீராவி அழுத்தத்தோடு சேர்கிறது. டிரைவர் ரெகுலேட்டரைத் திறந்தால் நீராவி சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும், ஒருதடவை முன்பக்கமிருந்து, ஒருதடவை பின்பக்கமிருந்து. பிஸ்டனோடு சேர்ந்த கம்பி சக்கரத்தைச் சுற்றும். வேலை முடிந்த நீராவி சும்மா போவதில்லை. புகைபோக்கி வழியாக வேகமாகச் சீறும்போது, தீப்பெட்டியிலிருந்து புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது, கரிக்குப் புதுக்காற்று உள்ளே வருகிறது. எஞ்சின் எவ்வளவு கஷ்டப்பட்டு இழுக்கிறதோ அவ்வளவு நெருப்பு தானாகவே ஊதப்படும். நாம் கேட்கும் "குப் குப்" ஒவ்வொன்றும் ஒரு சீறல். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு "குப்". பழைய ஃபயர்மேன்கள் இந்தச் சத்தத்தைக் காதால் கேட்டே எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லிவிடுவார்கள்.

எஞ்சின் பெயரைப் படிப்பது

கேஜ் புரிந்துவிட்டால் பெயர்ப் பலகை திறந்துகொள்ளும். முதல் எழுத்து கேஜ். டபிள்யூ என்றால் பிராட் கேஜ், ஒய் என்றால் மீட்டர் கேஜ், இசட் என்றால் 762 மில்லிமீட்டர் நேரோ கேஜ். அடுத்து டி வந்தால் டீசல், ஏ அல்லது சி வந்தால் மின்சாரம். நீராவிக்குத் தனி எழுத்து இல்லை. அப்புறம் வேலை: பி பயணிகள் வண்டிக்கு, ஜி கூட்ஸுக்கு, எம் இரண்டுக்கும், எஸ் ஷண்டிங்குக்கு, அதாவது ஸ்டேஷனுக்குள் பெட்டிகளை நகர்த்திச் சேர்க்கவும் பிரிக்கவும்.

இப்போது ஒய்.பி. என்றால் மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின், பயணிகள் வண்டிக்கு. ஒய்.ஜி. அதே கேஜில் கூட்ஸுக்கு. ஒய்.டி.எம்.-4 என்றால் மீட்டர் கேஜ் டீசல், இரண்டு வேலைக்கும். நான்கு என்பது மாடல் எண்.

நீராவி எஞ்சினுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ஒய்.பி. எஞ்சினை 4-6-2 என்று எழுதுவார்கள். முன்னால் வழிகாட்டும் சின்னச் சக்கரம் நான்கு, இழுக்கும் பெரிய சக்கரம் ஆறு, நான் சொன்ன தீப்பெட்டிக்குக் கீழே இருக்கும் குட்டிச் சக்கரம் இரண்டு. ஒய்.ஜி. 2-8-2. இழுக்கும் சக்கரம் எட்டு, அவற்றின் விட்டம் சுமார் நான்கடி. ஒய்.பி.யில் சுமார் நான்கரை அடி. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், வேகத்துக்கு உகந்தது. சின்னச் சக்கரம் நிறைய இருந்தால் பிடிமானம், பாரத்துக்கு உகந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் எண் மறைந்திருந்தாலும் சக்கரத்தை எண்ணி இனத்தைச் சொல்லிவிடலாம். இந்த ஆர்வத்தில் புதிதாக வருகிறவருக்குக் கிடைக்கும் முதல் சந்தோஷம் இதுதான் என்பேன். வீட்டில் பழைய கல்யாண ஆல்பத்தில் ஸ்டேஷனில் எடுத்த படம் இருந்தால் எண்ணிப் பாருங்கள்.

செங்கோட்டை போனது, ஊட்டி நின்றது

செங்கோட்டை ஸ்டேஷனைத் தாண்டியதும் பகவதிபுரம். அப்புறம் குகை. குகைக்கு அந்தப்பக்கம் ஆரியங்காவு. இந்த ஏற்றத்தில் ஒரு எஞ்சின் தனியாக வண்டியை இழுக்கச் சிரமப்படும் என்பதால், பின்னாலும் ஒரு எஞ்சினை மாட்டித் தள்ளுவார்கள். அதற்கு பாங்கர் என்று பெயர். முன் எஞ்சின் விசில் கொடுக்கும், பின் எஞ்சின் பதில் விசில் கொடுக்கும், பிறகுதான் இரண்டும் சேர்ந்து நகரும். ஏற்றத்தில் இரண்டு "குப் குப்" தாளமும் சில நேரம் ஒன்று சேரும், சில நேரம் பிரியும், ஏனென்றால் இரண்டு எஞ்சினின் சக்கரமும் ஒரே நிலையில் சுற்றுவதில்லை. ஆரியங்காவு தாண்டி இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, புனலூர் என்று இறக்கம். கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண் வைத்த கல்பாலம், ஓரத்தில் சாலை, கீழே ஆறு. பாதை வளையும் இடத்தில் பெட்டியிலிருந்து பார்த்தால் தன் வண்டியின் எஞ்சினே தெரியும்.

இந்தப் பாதையில் மீட்டர் கேஜ் ஓட்டம் 2010-இல் நின்றது. குகைகளைப் பெரிதாக்கி, பாலங்களைப் பலப்படுத்தி, 2018-இல் முழுப் பாதையும் பிராட் கேஜாகத் திறந்தது. திருநெல்வேலி – தென்காசிப் பாதை அதற்கு முன்பே, 2012-இல் மாறிவிட்டது.

இதில் என் எண்ணத்தை நேராகவே சொல்கிறேன். மாற்றியது சரிதான். செங்கோட்டையில் ஏறிச் சென்னையில் இறங்க முடிகிறது, கொல்லத்துக்கும் வண்டி மாறாமல் போக முடிகிறது. மலைக்கு இரண்டு பக்கமும் வாழும் மக்களுக்கு அது தேவை. நூறாண்டு ஓடிய ஒரு பாதையின் எஞ்சின்களும் பெட்டிகளும் கருவிகளும் ஒரே நாளில் உபயோகமற்றுப் போனதை நினைத்தால் மனசு கனக்கவும் செய்கிறது. பிராட் கேஜாக்கும்போது தண்டவாளம் மட்டும் நகர்வதில்லை. பழைய வண்டி எதுவும் புதுப் பாதையில் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது. சாலையை அகலப்படுத்தினால் மாட்டு வண்டி ஓரமாகவாவது போகும், ரயிலில் அதற்கு வழியே கிடையாது. ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சின்கள் சில, மீட்டர் கேஜ் இன்னும் ஓடும் மியான்மர் போன்ற நாடுகளுக்குப் போயின. நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை பழைய இரும்பாயின.

சரி, ஊட்டி ரயில் மட்டும் எப்படித் தப்பியது? அதுவும் மீட்டர் கேஜ்தான். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இந்திய மலை ரயில்களில் டார்ஜிலிங் 610 மில்லிமீட்டர், கால்கா – சிம்லா 762 மில்லிமீட்டர். நீலகிரி மட்டும்தான் மீட்டர் கேஜ். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் இடங்கள் உண்டு. வெறும் சக்கரப் பிடிமானத்தில் அது முடியாது. தண்டவாளத்துக்கு நடுவே பல்வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பிடித்துப் பிடித்து ஏறும். அதை அகலமாக்கி வேறு பாதையோடு இணைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. மேலே போனால் ஊட்டி, அதற்கு அப்பால் பாதை கிடையாது.

உலகம் முழுக்க இப்படித்தான் நடந்திருக்கிறது. தன்னார்வலர்கள் எடுத்து நடத்திய முதல் பாரம்பரிய ரயில், வேல்ஸ் நாட்டின் டாலிலின் ரயில்வே. 1951-இல் அவர்கள் கைக்கு வந்தது. அதன் கேஜ் இரண்டேகால் அடி. கல் சுரங்கத்துக்காகப் போட்ட தனிப் பாதை, வேறு எதோடும் சேராதது. பெரிய ரயில்வேக்குப் பயன்படாத ஒதுக்குப்புறப் பாதைதான் பழைய உருவத்தோடு மிஞ்சுகிறது. சின்ன எஞ்சின், சின்னப் பெட்டி என்பதால் சம்பளம் வாங்காத ஆர்வலர்களால் அதைப் பராமரிக்கவும் முடிகிறது. செங்கோட்டைப் பாதையோ இரண்டு பெரிய வலைப்பின்னல்களை இணைக்கும் கதவு. பயன் அதிகம் என்பதாலேயே அது பழைய உருவத்தில் தங்க முடியாமல் போனது.

பழைய செங்கோட்டை வண்டியின் அகலத்தையும் ஆட்டத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் நீலகிரிக்குக் கூட்டிப் போங்கள். தமிழ்நாட்டில் பயணிகள் ஏறும் மீட்டர் கேஜ் இப்போது அது ஒன்றுதான். அந்த எஞ்சின்களைப் பழுது பார்ப்பதும், அண்மையில் புதிதாகவே நீராவி எஞ்சின் செய்ததும் திருச்சி பொன்மலை பணிமனை. போகும் வழியில் அங்கே இருக்கும் ரயில் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம். சென்னைக்குப் போனால் பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையின் அருங்காட்சியகம். ஆனால் அதற்கெல்லாம் முன்பாக, உங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டிரைவரோ கேங்மேனோ ஸ்டேஷன் மாஸ்டரோ இருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள். பாங்கர் விசிலுக்கு என்ன பொருள், மழைக்காலத்தில் குகைக்குள் சக்கரம் வழுக்கினால் மணல் எப்படிப் போடுவது என்பதெல்லாம் அந்த அண்ணாச்சிகளின் தலைக்குள்தான் இருக்கிறது. செல்போனில் பதிவு செய்து, தேதியும் ஊரும் சொல்லி வையுங்கள்.

மேஜை மேல் மீட்டர் கேஜ்

மாதிரி ரயிலில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று கேஜ், மாதிரித் தண்டவாளத்தின் இடைவெளி. மற்றது ஸ்கேல், நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறோம் என்பது. கடையில் அதிகம் கிடைக்கும் எச்.ஓ. வகையில் ஸ்கேல் 87-இல் ஒன்று, கேஜ் 16.5 மில்லிமீட்டர். இந்த 16.5, நிஜத்தின் 1435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டு கேஜைச் சுருக்கியது. நம் பிராட் கேஜை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. அதனால் எச்.ஓ. தண்டவாளத்தில் அதே ஸ்கேலில் இந்திய எஞ்சினை வைத்தால், கால் ஒடுங்கிய மாதிரித் தெரியும். நம் மீட்டர் கேஜை வகுத்தால் 11.5. அதற்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வெளிநாட்டில் விற்கிறார்கள், ஆனால் விலை கடிக்கும்.

வளைவையும் கவனியுங்கள். ஆரம்பநிலை எச்.ஓ. செட்டில் வட்டத்தின் ஆரம் 36 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அதை 87-ஆல் பெருக்கினால் 31 மீட்டர்தான். செங்கோட்டை மலையில்கூட எந்த எஞ்சினும் அப்படித் திரும்பியதில்லை. வீட்டுக்குள் இடம் இல்லாததால் எல்லா மாதிரி ரயிலும் செய்துகொள்ளும் சமரசம் இது.

கைக்காசு அதிகம் போடாமல் ஆரம்பிக்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை, 100-இல் ஒன்று என்ற ஸ்கேல். கடையில் இது பெரிதாகப் புழங்குவதில்லை. ஆனால் கணக்கு அவ்வளவு சுலபம்! நிஜத்தில் ஒரு மீட்டர் என்பது மாதிரியில் ஒரு சென்டிமீட்டர். மீட்டர் கேஜ் தண்டவாளம் சரியாக ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. பத்தொன்பதரை மீட்டர் பெட்டி பத்தொன்பதரை சென்டிமீட்டர், அகலம் இரண்டே முக்கால் சென்டிமீட்டருக்கு ஒரு துளி குறைவு. பிளாட்பாரத்தில் நிற்கும் ஆள் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று இருந்தால் போதும், கால்குலேட்டர் வேண்டாம். இன்னொரு அதிர்ஷ்டமும் இருக்கிறது: நம் பிராட் கேஜ் இந்த ஸ்கேலில் 16.76 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தோடு கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆகவே பக்கத்தில் பக்கத்தில் ஒரு மீட்டர் கேஜும் ஒரு பிராட் கேஜும் போட்டு, 1980-களின் திருநெல்வேலி ஜங்ஷனை மேஜைமேல் கொண்டுவந்துவிடலாம்.

முதலில் எஞ்சினில் கை வைக்க வேண்டாம், ஒரு பெட்டி செய்யுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை போன்ற கெட்டி அட்டை போதும். பக்கச் சுவரை வரைந்து, ஜன்னலை ஒட்டுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். ஒட்டிய பின் வெட்டினால் அட்டை நசுங்கும். ஜன்னல் கம்பி கிடைமட்டமாக ஓடட்டும், தையல் நூலைப் பின்பக்கம் இழுத்து ஒட்டினால் அச்சு அசலாக வரும். கூரை தட்டையாக இருக்கக் கூடாது, அட்டையை ஒரு பேனாமேல் உருட்டி லேசாக வளைத்துக்கொள்ளுங்கள். வண்ணம் பழைய கருஞ்சிவப்பு.

சக்கரத்துக்கு நம் சீமையிலேயே ஆள் இருக்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் கடைகிறவர்களிடம் கேட்டால், சின்னச் சக்கரங்களை மரத்தில் கடைந்து தருவார்களா என்று விசாரிக்கலாம். குட்டிக் குட்டிப் பாத்திரங்களையே கடையும் கை அது. ஒய்.பி. எஞ்சினின் பெரிய சக்கரம் என்றால் விட்டம் 1.4 சென்டிமீட்டர் என்று சொல்லுங்கள். ஃபிளாஞ்ச் ஒரு பக்கம் மட்டும், அதுவும் உட்பக்கம் வர வேண்டும் என்று படம் வரைந்தே காட்டிவிடுங்கள், வாயால் சொன்னால் நடுவில் பள்ளம் வைத்த கப்பி மாதிரி வந்துவிடும். அச்சில் மாட்டும்போது இரண்டு ஃபிளாஞ்சின் வெளிமுகங்களுக்கு நடுவே உள்ள தூரம் ஒரு சென்டிமீட்டரைவிட அரை மில்லிமீட்டராவது குறைந்திருக்கட்டும். சரியாக ஒரு சென்டிமீட்டர் வைத்தால் நேர்ப்பாதையில் ஓடும், முதல் வளைவிலேயே இறுகி நின்றுவிடும்.